போர் தண்ணீர், சுண்ணாம்பு, ஏர் கூலர்: ஆற்றல் கணக்கில் கோடு எங்கே போடுவது?

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். தண்ணீர்தான் 2021 நவம்பரில் வந்ததுபோல எப்போதாவது கரைபுரண்டு வந்துவிட்டு, மறுபடி மணலைக் காட்டிவிடுகிறது. மீதி நாளெல்லாம் ஊர் போரை, அதாவது ஆழ்துளைக் கிணற்றை, நம்பியே இருக்கிறது. அதனால் ஆற்றல் பாடத்தையும் போர் குழாயிலிருந்தே தொடங்கலாம்.

ஆற்றல் என்றால் வேலை செய்யும் திறமை என்று பள்ளியிலேயே மனப்பாடம் ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு கணக்கு கொடுத்தால் கை நின்றுவிடும். நிறையையும் உயரத்தையும் பெருக்க எல்லோருக்கும் தெரியும். எந்த உயரம், எங்கிருந்து எதுவரை என்று கேட்டால்தான் தடுமாற்றம். கணக்கில் எதை உள்ளே சேர்ப்பது, எதை வெளியே விடுவது என்ற எல்லைக்கோட்டைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டால் பிறகு எவ்வளவு கவனமாகப் பெருக்கினாலும் விடை தப்புதான்.

குடியாத்தம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். போர் ஆழம் 800 அடி. மோட்டார் 600 அடியில் தொங்குகிறது. மோட்டார் ஓடும்போது தண்ணீர் மட்டம் 300 அடியில் நிற்கிறது. மாடித் தொட்டி தரையிலிருந்து 30 அடி உயரத்தில் இருக்கிறது. 1000 லிட்டர் ஏற்ற எத்தனை யூனிட் ஆகும்?

மோட்டார் 600 அடியில் இருப்பதால் 600 அடியிலிருந்து தூக்க வேண்டும் என்றே பலரும் கணக்கு வைப்பார்கள். 800 என்று தொடங்குகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. மோட்டாரைச் சுற்றி அதற்கு மேலே 300 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்துகிறது. அந்த அழுத்தமே குழாய்க்குள்ளும் தண்ணீரை 300 அடி மட்டம்வரை கொண்டுவந்து நிறுத்திவிடும். மோட்டார் தன் சொந்தச் செலவில் தூக்குவது அந்த மட்டத்திலிருந்து தொட்டிவரை மட்டுமே. 300 + 30 = 330 அடி, அதாவது சுமார் 100 மீட்டர்.

1000 லிட்டர் தண்ணீரின் நிறை 1000 கிலோ. நிறை × 9.8 × உயரம் என்றால் 1000 × 9.8 × 100 = 9,80,000 ஜூல். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது; 1000 × 3600 = 36,00,000 ஜூல். வகுத்தால் 0.27 யூனிட் வரும்.

மீட்டரில் இது 0.27 என்று ஓடாது. மோட்டார், பம்ப் இரண்டும் சேர்ந்த பயனுறுதிறன் (வாங்கும் மின்சாரத்தில் வேலையாக மாறும் பங்கு) 40 விழுக்காடு என்று கொண்டால் 0.27-ஐ 0.4-ஆல் வகுத்து 0.68 யூனிட். வித்தியாசமான 0.41 யூனிட் எங்கே போனது? காயிலில் (மோட்டாரின் கம்பிச் சுருளில்) சூடு, பேரிங்கில் உராய்வு, குழாய்க்குள் தண்ணீர் தேய்ந்து சுழல்வது என்று எல்லாம் வெப்பமாகி, பெரும்பகுதி அந்தத் தண்ணீருக்கே போய்ச் சேர்ந்தது. 0.41 யூனிட் என்றால் சுமார் 1,470 கிலோ ஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோ ஜூல் வேண்டும். ஆக 1000 லிட்டரும் 0.35 டிகிரி சூடாகியிருக்கும். கை வைத்தால் தெரியாது. கணக்கில் தெரியும்.

கோடையில் மட்டம் 600 அடிக்குப் போய்விட்டால் (மோட்டாரையும் அதற்குக் கீழே இறக்கியிருக்க வேண்டும்) தூக்கும் உயரம் 630 அடி, 192 மீட்டர். அதே பயனுறுதிறன் என்றாலும் 1.3 யூனிட். உண்மையில் இன்னும் கூடும். ஒரு பம்ப் எந்த உயரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அதைத் தாண்டினால் தண்ணீர் அளவும் குறையும், பயனுறுதிறனும் விழும். மட்டம் மோட்டாருக்கும் கீழே போய்க் காற்று இழுக்க ஆரம்பித்தால் தூக்கும் வேலையே இல்லை. வாங்கும் கரண்ட் சூடாகிறது, அந்தச் சூட்டை எடுத்துப்போகத் தண்ணீரும் ஓடவில்லை. காயில் எரிவது அப்போதுதான்.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் முடித்துவிடலாம். குதிரைத்திறன் கூடிய மோட்டார் போட்டால் பில் கூடும் என்பது பாதி உண்மை. ஒரு குதிரைத்திறன் 746 வாட். வாட் என்பது ஆற்றல் போகும் வேகம், யூனிட் என்பது போன மொத்த ஆற்றல். பயனுறுதிறன் ஒன்றாக இருந்தால், 3 குதிரை மோட்டார் அதே 1000 லிட்டரை 1.5 குதிரை மோட்டார் எடுக்கும் நேரத்தில் பாதியிலேயே ஏற்றிவிட்டு நின்றுவிடும். யூனிட் மாறாது. வேகமாக நிரம்புகிறதே என்று தொட்டி வழிய விடுவதில்தான் பில் கூடுகிறது.

சோளிங்கர் மலையும் மூன்று இட்லியும்

இனி தண்ணீருக்குப் பதில் ஆளை ஏற்றுவோம். சோளிங்கர் பெரிய மலை சுமார் 750 அடி, 230 மீட்டர். 1,300-க்கும் மேற்பட்ட படிகள். 60 கிலோ எடையுள்ளவர் ஏறினால் 60 × 9.8 × 230 = 1,35,240 ஜூல், ஏறக்குறைய 135 கிலோ ஜூல்.

உணவுப் பொட்டலத்தில் போடும் கலோரி உண்மையில் கிலோ கலோரி, ஒன்று 4.18 கிலோ ஜூல். 135-ஐ வகுத்தால் 32 கலோரி. ஒரு இட்லி சுமார் 50 கலோரி. அப்படியானால் அரை இட்லிக்குச் சற்று மேல் சாப்பிட்டால் மலைமேல் இருக்கும் யோக நரசிம்மரைப் பார்த்துவிடலாமா? மூச்சு வாங்க ஏறியவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

எல்லைக்கோட்டை உடலுக்கு வெளியே போட்டதால் வந்த விடை இது. உடல் எவ்வளவு உயர்ந்தது என்று மட்டும் பார்த்தோம். தசை தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காடுதான் வேலையாக மாற்றும், மீதி வெப்பம். வியர்வை அதனால்தான். கோட்டை வாய்க்குக் கொண்டுபோனால் 4 முதல் 5 மடங்கு: 540 முதல் 680 கிலோ ஜூல், அதாவது 130 முதல் 160 கலோரி. மூன்று இட்லி. இது ஏறுவதற்கான கூடுதல் செலவு மட்டுமே. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் செலவழிப்பது தனி.

இறங்கும்போது அந்த 135 கிலோ ஜூல் திரும்பக் கிடைக்கிறதா என்றால், கிடைக்கிறது, வயிற்றுக்கு அல்ல. ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை பிரேக் போட, அது சூடாகக் கரைகிறது. மறுநாள் தொடை வலி பெரும்பாலும் இந்தப் பிரேக்கினால் வருவதே, ஏறியதால் அல்ல. புவியீர்ப்பு செய்த மொத்த வேலை சுழியம் என்று பாடநூல் எழுதும். சரிதான், அது புவியீர்ப்பின் கணக்கு.

ஒப்பிட இன்னொன்று: 100 யூனிட் மின்சாரம் என்பது 36 கோடி ஜூல். அதை 1,35,240-ஆல் வகுத்தால் ஒரே ஆளைச் சோளிங்கர் மலைமேல் ஏறத்தாழ 2,660 முறை தூக்கலாம். பொருளைத் தூக்கும் ஆற்றல் எவ்வளவு சின்னது, சூடாக்கும் ஆற்றல் எவ்வளவு பெரிது என்பது இதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்கிலும் வரும்.

சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதிப்பது யாருடைய சூடு?

வேதியியலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கலாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பு வாங்கித் தாளித்த (தண்ணீர் சேர்த்து நீற வைத்த) வீடுகளில் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் பதனிடும் தொழிலில் தோலின் மயிரை நீக்கும் தொட்டிக்கும் சுண்ணாம்புதான். கல்லில் தண்ணீர் ஊற்றுகிறோம், அடுப்பே இல்லாமல் கொதிக்கிறது. எங்கிருந்து வந்தது இந்த வெப்பம்?

சுட்ட சுண்ணாம்பு கால்சியம் ஆக்சைடு. தண்ணீரோடு சேர்ந்தால் நீற்றுச் சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு மோலுக்கு, அதாவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்புக்கு, 65 கிலோ ஜூல் வெளிவரும். ஒரு கிலோவில் 17.9 மோல், 17.9 × 65 = சுமார் 1,160 கிலோ ஜூல்.

அந்த ஒரு கிலோவை 3 லிட்டர் தண்ணீரில் போட்டால்? 56 கிராமுக்கு 18 கிராம் தண்ணீர் வினையிலேயே போய்விடும். ஒரு கிலோவுக்கு 320 கிராம். மிச்சம் 2.68 கிலோ தண்ணீரும் 1.32 கிலோ நீற்றுச் சுண்ணாம்பும். தண்ணீருக்கு டிகிரிக்கு 11.2 கிலோ ஜூல், சுண்ணாம்புக்கு 1.6, சேர்த்து 12.8. 1,160-ஐ 12.8-ஆல் வகுத்தால் 90 டிகிரி. 30 டிகிரியில் தொடங்கியது 120-க்குப் போக வேண்டும். தண்ணீர் 100-ஐத் தாண்டாது, ஆகவே மிஞ்சிய வெப்பம் ஆவியாக்கப் போகும். 100 டிகிரிவரை செலவு 12.8 × 70 = 896 கிலோ ஜூல்; மிச்சம் 264. ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க 2,260 கிலோ ஜூல் என்பதால் சுமார் 117 கிராம் தண்ணீர் ஆவியாகும். அது கிட்டத்தட்ட 200 லிட்டர் நீராவி. வாளிக்குள்ளிருந்து 200 லிட்டர் ஆவி வெளியேறும் வேகத்தில் காரமான சுண்ணாம்புக் குழம்பையும் அள்ளித் தெறிக்கும். கண் போவது இப்படித்தான்.

10 லிட்டர் தண்ணீர் என்றால் அதே 1,160-ஐ 42-ஆல் வகுக்க வேண்டும். 28 டிகிரிதான் உயரும், 58-இல் நின்றுவிடும். வேதிவினை அதே, வெப்பம் அதே, பங்கு போட்டுக்கொள்ளும் தண்ணீர் கூடியிருக்கிறது. சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றாதே, தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடு என்று கொத்தனார்கள் சொல்வதற்குக் காரணம் இந்த வகுத்தல்தான். கல்லின்மேல் ஊற்றினால் அந்த இடத்தில் இருப்பது ஒரு சொம்புத் தண்ணீர். மொத்த வெப்பமும் அதற்கே. பிளாஸ்டிக் வாளி இளகும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சுண்ணாம்பு அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். கண்ணில் பட்டால் உடனே, நிறுத்தாமல், கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது வெப்பத்தின் ஊற்று. சுண்ணாம்புக் கல் கால்சியம் கார்பனேட். காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால் கரியமில வாயு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு நிற்கும். இதற்கு மோலுக்கு 178 கிலோ ஜூல் உள்ளே செலுத்த வேண்டும். தாளிக்கும்போது அதில் 65 திரும்பி வருகிறது. மீதி 113? அது சுவரில் வருகிறது. பூசிய நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்து, தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. அந்த வினையில் மோலுக்கு 113 கிலோ ஜூல் வெளிவரும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கசிவதால் சுவரைத் தொட்டால் சூடு தெரியாது. 65 + 113 = 178. கல்லாகத் தொடங்கியது கல்லாகவே முடிந்தது. கொடுத்ததும் வந்ததும் ஒட்டுமொத்தமாகச் சரி.

1840-இல் ஹெஸ் சொன்ன விதி இதுவேதான்: எந்த வழியாகப் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே. தேர்வில் சமன்பாடுகளைத் தலைகீழாக்கிக் கூட்டிக் கழிக்கும் கணக்காக மட்டும் இதைப் படித்தால் மறந்துபோகும். வாளியில் கொதித்தது காளவாயில் எரிந்த விறகின் சூடு என்று பார்த்தால் மறக்காது.

இதிலிருந்தே கடையில் செய்யத்தக்க ஒரு சோதனையும் கிடைக்கிறது. திறந்த மூட்டையில் நாள்பட்டுக் கிடந்த சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் வாங்கி, தன் 65-ஐ ஏற்கெனவே செலவழித்திருக்கும். ஒரு துண்டில் தண்ணீர் விட்டால் சூடாகாது. சரியாகச் சுடாத கல்லின் நடுவில் சுண்ணாம்புக் கல்லே மிஞ்சியிருக்கும், அதுவும் தாளிக்காமல் கட்டியாக நிற்கும். அளவுக்கு மீறிச் சுட்டது இன்னொரு தொல்லை: மிக மெதுவாக நீறும். பூச்சுக்குள் போன பிறகு நீறி உப்பி, சுவரில் சின்னச் சின்னக் குழியாகத் தெறித்து விழும்.

பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா?

வராது. எரிபொருளின் அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகளுக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே வரும் என்ற விளக்கம் டியூஷன் சென்டர்களில் சாகாமல் உலவுகிறது. எந்தப் பிணைப்பை உடைக்கவும் நாம்தான் செலவழிக்க வேண்டும். புதுப் பிணைப்பு உருவாகும்போது வருவதே வரவு.

சாண எரிவாயுவில் எரிவது மீத்தேன். ஒரு மோல் மீத்தேனுக்கு இரண்டு மோல் ஆக்சிஜன். உடைப்பது: கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு நான்கு, தலா 413, ஆக 1,652, ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு இரண்டு, தலா 498, ஆக 996. மொத்தச் செலவு 2,648 கிலோ ஜூல். உருவாவது: கரியமில வாயுவில் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு இரண்டு, தலா 799, ஆக 1,598, இரண்டு நீராவி மூலக்கூறுகளில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு நான்கு, தலா 463, ஆக 1,852. மொத்த வரவு 3,450. வித்தியாசம் 802 கிலோ ஜூல் அடுப்புக்கு. இங்கே கோடு மீத்தேனை மட்டும் சுற்றியிருந்தால் 802 எங்கும் கிடைக்காது. ஆக்சிஜனையும் உள்ளே சேர்த்தால்தான் கணக்கு முடியும்.

முதலில் செலவு, பிறகு வரவு என்பதால்தான் அடுப்பு தானாகப் பற்றுவதில்லை. அந்த முதல் செலவைத் தொடங்கிவைப்பது கிளர்வு ஆற்றல், அதற்கு நம் கையில் இருப்பது குடியாத்தம் தீப்பெட்டி. பெட்டிப் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை. இரண்டு நியூட்டன் விசையில் 4 சென்டிமீட்டர் உரசினால் நாம் கொடுப்பது 0.08 ஜூல். 0.1 கிராம் குச்சி முழுக்க எரிந்தால் சுமார் 1,600 ஜூல். இருபதாயிரம் மடங்கு. அந்த 0.08 ஜூல் ஒரு புள்ளியில் குவிவதால் வேலை செய்கிறது. ஐப்பசி மழையில் நமத்துப்போன குச்சியில் அதே உரசல் ஈரத்தைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும், மருந்தும் இளகி உதிரும். தீக்குச்சித் தலை காற்றுக்குக் காத்திருக்காமல் சீறுவதற்குக் காரணம் குளோரேட். 245 கிராம் குளோரேட் சிதைந்தால் 96 கிராம் ஆக்சிஜன் தரும்.

அக்னி நட்சத்திரத்தில் ஏர் கூலர்

கடைசியாக, வேலூர் வெயிலில் அதிகம் பயன்படும் ஆற்றல் கணக்கு. 30 டிகிரி அளவில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,430 கிலோ ஜூல் வேண்டும். கூலரில் அதைக் கொடுப்பது பேட் (தண்ணீரில் நனைந்த மெத்தை) வழியே போகும் சூடான காற்று. கொடுத்தபின் அது குளிர்கிறது. மணிக்கு 3 லிட்டர் ஆவியானால் 7,290 கிலோ ஜூல், அதாவது 2 கிலோவாட் அளவுக்குக் குளிர்ச்சி. மின்விசிறியும் சின்னப் பம்பும் வாங்குவது 200 வாட்டுக்குள்.

சென்னையில் இது எடுபடாததற்குக் காரணம் ஈரப்பதம். ஆவியாக்கிக் குளிர்விப்பதற்கு, இதற்குக் கீழே இறங்காது என்று ஒரு தரைமட்டம் உண்டு; ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் வெப்பநிலை. 40 டிகிரி, 25 விழுக்காடு ஈரப்பதம் உள்ள வேலூர் மதியத்தில் அது 24 டிகிரி சொச்சம். பேட் இந்த இடைவெளியில் முக்கால் பங்கைக் கடக்கும் என்றால் காற்று 28 டிகிரியில் வெளிவரும். கடற்கரையில் 36 டிகிரி, 65 விழுக்காடு என்றால் தரைமட்டமே 30. கூலர் தருவது 32 அளவில், அதுவும் பிசுபிசுப்போடு.

தொட்டியில் ஐஸ் போடுவது பெரிய பலன் இல்லாத வேலை. ஒரு கிலோ ஐஸ் உருக 334, அந்தத் தண்ணீர் 25 டிகிரிக்கு வர 105, ஆக 439 கிலோ ஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் சும்மா ஆவியாவதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஐஸை வீட்டு பிரிட்ஜிலேயே செய்திருந்தால் அதன் பின்பக்கம் ஏற்கெனவே அதைவிடக் கூடுதலான சூட்டை வீட்டுக்குள் விட்டிருக்கும்.

பத்து மணி நேரத்தில் 30 லிட்டர் ஆவியாகிறது. முதல் கணக்கின்படி அதை போரிலிருந்து மாடிக்கு ஏற்ற ஆனது 0.02 யூனிட். ஆவியாகும்போது அது காற்றிலிருந்து இழுத்தது 20 யூனிட்டுக்கு நிகரான வெப்பம். ஆவி போய்விட்டது, தண்ணீரிலிருந்த உப்பு போகவில்லை. லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் கரைந்த உப்புள்ள போர் தண்ணீர் என்றால் ஒரு நாளைக்கு 45 கிராம் தொட்டியிலும் பேடிலும் தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியை முழுக்க வடித்துவிட்டு நிரப்பாவிட்டால் பேட் வெள்ளையாகக் கெட்டித்து, காற்று போகும் வழி அடைபடும்.

அந்த 20 யூனிட் வெப்பமும் அழிந்துவிடவில்லை, நீராவிக்குள் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் அது அறைக்குள்ளேயே சுற்றும், ஈரப்பதம் ஏறும், அரை மணி நேரத்தில் வேலூர் அறை சென்னை அறையாகிவிடும். கூலரின் முதுகு வெளிக்காற்றுக்கும், எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்று திறந்தும் இருக்க வேண்டும்.